மிட்ரல் வால்வு சொல்லும் வரலாறு: கேள்வி யாருடையது?

சற்றே நீண்ட பதிவு. மருத்துவ வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இதய மருத்துவத்தில் நாடுகளுக்கிடையிலான ஆய்வுக் கூட்டுறவு என்றவுடன் ஒரே திசையில் ஓடும் ஆறொன்று நம் மனத்தில் தோன்றுகிறது. அறிவு மேலை நாட்டில் ஊற்றெடுக்கிறது; இந்திய மருத்துவர் கடல் கடந்து சென்று அதனைக் கற்கிறார்; தாயகம் திரும்பிச் செயற்படுத்துகிறார். இச்சித்திரம் முழுப் பொய்யன்று. ஆயினும் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதன் எண்பதாண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், அவ்வாறு பலமுறை எதிர்த்திசையிலும் ஓடியிருப்பது புலப்படும். அந்நோய் ருமாட்டிக் இதய நோய்.

நோயின் போக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரால் தொண்டை அழற்சி ஏற்படுகிறது. சில நாள்களில் வலி தீர்ந்துவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றுகின்றன. நுண்ணுயிரை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பு ஆற்றல், தன் இதயத்தையே தாக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. காய்ச்சல் தணிந்தாலும் இதய வால்வுகளில், சிறப்பாக இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மிட்ரல் வால்வில், தழும்பு தங்கிவிடுகிறது. இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நலமான ஒருவருக்கு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் அவ்வாயில், 1.5 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கினால் நோய் கடுமையாகிவிட்டது என்பர். மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏற முடிவதில்லை, கருவுற்ற பெண்ணுக்கு உயிருக்கே ஆபத்தாகிறது. நெரிசலான குடியிருப்பும் வறுமையும் எங்குள்ளனவோ அங்கெல்லாம் இந்நோய் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இது பாஸ்டனுக்கும் இலண்டனுக்கும் உரிய நோயாகவே இருந்தது. பாஸ்டனில் இந்நோயுற்ற குழந்தைகளைப் பராமரித்து வந்த டக்கெட் ஜோன்ஸ், நோயைக் கண்டறியும் விதிகளை 1944இல் வகுத்தார். இன்றளவும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1950ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துப் படைத்தளம் ஒன்றில் சார்லஸ் ராம்மெல்காம்ப் குழுவினர், தொண்டை அழற்சிக்கு உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என நிறுவினர். பென்சிலின் மட்டுமின்றி நல்ல வீடுகளும் உயர்ந்த வருவாயும் சேர்ந்து, அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அந்நாடுகளிலிருந்து இந்நோயைப் பெரும்பாலும் அகற்றிவிட்டன. ஆய்வு நிதியும் இளம் ஆய்வாளர்களின் கவனமும் மாரடைப்பின் பக்கம் திரும்பின. ஃப்ராமிங்ஹாம் நகர மக்களைத் தலைமுறைகளாகத் தொடர்ந்து ஆராயும் புகழ்பெற்ற திட்டம் தொடங்கியதும் 1948இல்தான்.

நோய் அங்கே மறைந்தது, இங்கே மறையவில்லை. மேலை நாடுகள் கேட்பதை நிறுத்திவிட்ட கேள்விகளை இனி யார் கேட்பது என்பதே இவ்வரலாற்றின் மையம்.

தில்லி: பாடநூலுக்கு வெளியே

பர்மாவில் 1917இல் பிறந்த சி. பத்மாவதி, இரங்கூனில் மருத்துவம் பயின்றவர். ஜப்பானியப் படையெடுப்பின்போது 1942இல் குடும்பத்துடன் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். போர் முடிந்தபின் 1949இல் இலண்டன் சென்றார். அங்கிருந்து அமெரிக்கா சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹெலன் டவுசிக்கிடமும் ஹார்வர்டில் பால் டட்லி வைட்டிடமும் இதய மருத்துவம் கற்றார். அக்காலத்தில் இத்துறையில் இவர்களை விடச் சிறந்த ஆசிரியர் இருவரைத் தேடிக் கண்டிருக்க முடியாது. 1953இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

கற்றதை அப்படியே நடைமுறைப்படுத்தியிருந்தாலே அவர் முன்னோடியாக மதிக்கப்பட்டிருப்பார். அவர் அதற்கு மேலும் ஒன்று செய்தார். நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளரும் நிலை புகைபிடிக்கும் முதிய ஆண்களுக்கு உரியது என்றே பாடநூல்கள் கற்பித்தன. தில்லியில் அவர் கண்டவர்களிலோ புகையிலையைத் தொட்டறியாத பெண்கள் பலர். அவர்கள் நாள்தோறும் சுவாசித்தது அடுப்புப் புகை. அவரும் எஸ். என். பாதக்கும் 127 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1959இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் சர்குலேஷன் இதழில் வெளிவந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் பேசும் வீட்டுப் புகை மாசு குறித்த ஆய்வுகளுக்கு இது ஒரு முற்கால முன்னோடி. பாஸ்டனில் கற்ற முறையைக் கொண்டு, பாஸ்டனில் எழுந்திருக்க முடியாத ஒரு கேள்விக்கு விடை தேடப்பட்டது.

ருமாட்டிக் நோயிலும் இதுவே நிகழ்ந்தது. வெப்ப மண்டல நாடுகளில் இது அரிது என்பது குடியேற்றக் கால மருத்துவர்களிடையே வேரூன்றியிருந்த கருத்து. இந்தியாவில் இதய நோய்களின் பரவல் குறித்துப் பத்மாவதி 1962இல் அதே இதழில் எழுதிய கட்டுரைத் தொடரின் முதற்பகுதியே ருமாட்டிக் இதய நோயைப் பற்றியதாக அமைந்தது. மறு ஆண்டு தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் சுஜோய் ராய், நோயியல் அறிஞர் வி. இராமலிங்கசுவாமி முதலியோர் லான்செட் இதழில், இந்தியாவில் இளம் வயதினரிடம் காணப்படும் மிட்ரல் வால்வுச் சுருக்கம் பற்றி எழுதினர். காய்ச்சலுக்குப் பின் வால்வு சுருங்கப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது மேலை நாட்டு அனுபவம். இங்கோ இருபது வயது நிரம்பாதவர்களுக்கே கடுமையான சுருக்கம் ஏற்பட்டிருந்தது. இந்நோயாளிகளைப் பாடநூலுக்கு விலக்கு என்று கருதி ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் பாடநூலையே திருத்த வேண்டும் என்றனர்.

1966இல் ஐந்தாம் உலக இதயவியல் மாநாடு புதுதில்லியில் கூடியதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். மாணவர்களாகக் கடல் கடந்தவர்கள் இப்போது தம் ஆசிரியர்களை விருந்தோம்பி, தம் நாட்டு நோய்களைக் குறித்து அவர்களோடு சமமாக உரையாடும் நிலைக்கு வந்திருந்தனர்.

வேலூரும் ஐதராபாத்தும்: விரலும் பலூனும்

சுருங்கிய வால்வை விரிப்பது எவ்வாறு? துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலறையில் சிறு துளையிட்டு, அறுவை மருத்துவர் தம் விரலை உட்செலுத்தி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கலாம். இலண்டனில் ஹென்றி சவுட்டர் 1925இல் இதனை ஒருமுறை செய்தார். அதன்பின் வேறு நோயாளி எவரும் அவரிடம் அனுப்பப்படவில்லை. 1948இல் அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கனும், இங்கிலாந்தில் ரசல் பிராக்கும் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர்.

நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், அமெரிக்க நெஞ்சக அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த தலைமுறை இந்திய அறுவை மருத்துவர்கள் பலர் அங்கு உருவாயினர். இதயத்தையும் நுரையீரலையும் ஒத்த எந்திரம் வந்தபின் மேலை நாடுகள் விரல் முறையைக் கைவிட்டு, இதயத்தைத் திறந்து செய்யும் அறுவைக்கு மாறின. வேலூர் மாறவில்லை. அறுவைக்குக் காத்திருந்தோர் எண்ணிக்கைக்கும் அவர்களுடைய வருவாய்க்கும் விரல் முறையே பொருந்தியது. ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983இல் சர்குலேஷன் இதழில் அதன் பலன்களை வெளியிட்டனர். அடுத்தடுத்து வந்த 3,724 நோயாளிகளின் தொடர் கண்காணிப்பு அக்கட்டுரையில் உள்ளது. கைவிடப்பட்ட முறை என்று உலகம் எண்ணிய ஒன்று எத்தகைய பயன் தரும் என்பதற்கு அத்துணைப் பெரிய சான்று வேறெங்கிருந்தும் வந்திருக்க இயலாது.

1984இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் காஞ்சி இனோவே, நெஞ்சைத் திறக்காமல் தொடை நாளத்தின் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையை அறிவித்தார். பலூனா, அறுவையா, எது நீடித்த பலன் தரும்? அமெரிக்காவில் இக்கேள்விக்கு விடை காணப் போதிய நோயாளிகள் இல்லை. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் பி. சோமராஜு குழுவினரும் டெட்ராய்ட் நகர வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து 60 நோயாளிகளை ஆராய்ந்தனர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பலூன் சிகிச்சையும் மறுபாதிக்குத் திறந்த இதய அறுவையும் செய்யப்பட்டன. மூன்றாண்டு கழித்துப் பலூன் பிரிவில் வால்வின் சராசரித் திறப்பு 2.4 சதுர சென்டிமீட்டர். அறுவைப் பிரிவில் 1.8. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1994இல் இம்முடிவை வெளியிட்டது. உலகெங்கும் பலூன் முறை முதல் தெரிவாக ஏற்கப்பட்டதில் இதற்குப் பங்குண்டு.

ஏழை நாட்டு நோயாளிகளைக் கொண்டு பணக்கார நாடு ஆய்வு செய்வது குறித்த ஐயம் இங்கே எழுவது இயல்பு. எல்லாக் கூட்டாய்வையும் நோக்கி அந்த ஐயத்தை எழுப்பவே வேண்டும். இவ்வாய்வைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைக் கருதலாம். ஒப்பிடப்பட்ட சிகிச்சைகள் இரண்டும் அந்நோயாளிகளுக்கே தேவைப்பட்டவை. கிடைத்த விடையால் முதலில் பயன்பெற்றோரும் அதே ஊரின், அதே நாட்டின் நோயாளிகளே. டெட்ராய்ட் மருத்துவருக்கு அது அறிவு. ஐதராபாத் நோயாளிக்கு அது நெஞ்செலும்பு பிளக்கப்படாத சிகிச்சை.

திருவனந்தபுரம்: விலையும் உலோகமும்

பழுது முற்றிய வால்வைப் பலூனால் திருத்த முடியாது. செயற்கை வால்வு பொருத்தியாக வேண்டும். இறக்குமதி வால்வின் விலை பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

மாவேலிக்கரையில் 1934இல் பிறந்த எம். எஸ். வலியத்தான், திருவனந்தபுரத்தில் மருத்துவம் முடித்து, லிவர்பூலில் அறுவை மருத்துவம் பயின்று, பின்னர் அமெரிக்காவில் இதய அறுவை கற்றவர். செயற்கை வால்வை மனித உடலில் முதன்முதலில் பொருத்திய சார்லஸ் ஹஃப்நாகலிடம் ஜார்ஜ்டவுனில் பணிபுரிந்தார். கேரளம் திரும்பியபின், திருவிதாங்கூர் அரச குடும்பம் வழங்கிய கட்டடத்தில் உருவான ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பூஜப்புரையிலிருந்த பழைய அரண்மனையொன்று உயிர்மருத்துவத் தொழில்நுட்ப ஆய்வகமாயிற்று.

வால்வு எளிதில் வசப்படவில்லை. அடுத்தடுத்து மூன்று மாதிரிகள் தோல்வியுற்றன. செயற்கை நீலக்கல்லால் ஆன தட்டைக் கூடச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டனர். குரோம் கோபால்ட் கலப்பு உலோகச் சட்டம், மிகு மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டு, பாலியெஸ்டர் தையல் வளையம் ஆகியவற்றைக் கொண்ட நான்காம் மாதிரியே தேறியது. செம்மறியாடுகளில் சோதித்தபின், 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. தொழில்நுட்பம் சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமத்துக்குக் கைம்மாற்றப்பட்டு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அவ்வால்வு அடைந்துள்ளது.

இத்தனை எச்சரிக்கை தேவையா என்று கேட்போர் அதே காலத்தில் மேலை நாட்டில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். ஸ்வீடன் நாட்டு அறுவை மருத்துவர் வைகிங் பியோர்க், அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஷைலி ஆகியோரின் பெயர் தாங்கிய வால்வின் ஒரு வகையில், தட்டைத் தாங்கும் கம்பி முறிந்து நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். 1986இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. திருவனந்தபுரத்தின் மூன்று தோல்விகளும் ஆய்வகத்துக்குள்ளேயே முடிந்தன. எந்த நோயாளியின் நெஞ்சிலும் நிகழவில்லை.

வார்ஃபரின்: ஒரு விதியின் எல்லை

இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து, மேலறையில் இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். இதனைத் தடுக்க வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. அவற்றை உண்போர் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சிற்றூரில் வாழும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி இழப்பு.

2009 முதல் 2011 வரை வெளியான மூன்று பேராய்வுகள், பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் வார்ஃபரினுக்கு நிகரானவை அல்லது மேலானவை என்று காட்டின. உலகமே அவற்றுக்கு மாறத் தொடங்கிற்று. ஆனால் அவ்வாய்வுகளில் கடுமையான மிட்ரல் சுருக்கம் உடையவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆய்வு நடத்திய நாடுகளில் அவர்கள் அரிது. நம் நாட்டில் அப்படியன்று. எனினும், புதிய மருந்து இவர்களுக்கும் நல்லதாகவே இருக்கும் என்ற ஊகம் பலரிடம் இருந்தது. பரிசோதனைச் சுமை இல்லாததால், ஏழை நாடுகளுக்கு அதுவே இன்னும் ஏற்றது என்றும் தோன்றிற்று.

அந்த ஊகத்தைச் சோதிக்கத் தொடங்கிய ஆய்வே இன்விக்டஸ். கனடாவின் ஹாமில்டனைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கானலியும் தில்லி எய்ம்ஸைச் சேர்ந்த கணேசன் கார்த்திகேயனும் தலைமை ஏற்றனர். ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகள் பங்கேற்றன. இறுதிப் பகுப்பாய்வில் இடம்பெற்ற 4,531 பேரின் சராசரி வயது 50.5, நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். ரிவரொக்ஸபான் என்ற புதிய மருந்தைத் தயாரிக்கும் பேயர் நிறுவனமே நிதியளித்தது.

2022இல் வெளியான முடிவு அனைவரின் எதிர்பார்ப்பையும் புரட்டிப்போட்டது. பக்கவாதம், மாரடைப்பு, இறப்பு முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, புதிய மருந்துப் பிரிவில் 560 பேரும் பழைய மருந்துப் பிரிவில் 446 பேரும் பாதிக்கப்பட்டிருந்தனர். பழைய மருந்தை உண்டவர்களில் இறப்பு குறைவு. பெரும் இரத்தக்கசிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எளிதானது, புதியது என்ற காரணத்தால் மாற்றியிருந்தால், நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே பல உயிர்களை இழந்திருப்போம். நோயாளிகளுக்கு அருகிலிருந்தவர்கள் வற்புறுத்திக் கேட்டிராவிட்டால், இக்கேள்வி கேட்கப்பட்டே இராது.

விதிகளும் அசைந்து கொடுத்துள்ளன. டக்கெட் ஜோன்ஸின் விதிகளை அமெரிக்க இதயச் சங்கம் 2015இல் திருத்தியபோது, நோய் அரிதான மக்கள், மலிந்த மக்கள் என இரு பிரிவுகளுக்கும் தனித்தனி அளவுகோல்களை வகுத்தது. இராயும் இராமலிங்கசுவாமியும் நம் நோயாளிகள் வேறுபடுகிறார்கள் என்று எழுதி ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

கூட்டுறவை எதனால் அளப்பது?

கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கையாலும் பரிமாறப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கையாலும் இன்று கல்விக் கூட்டுறவுகள் அளக்கப்படுகின்றன. மேலே கண்ட நிகழ்வுகள் வேறோர் அளவுகோலைத் தருகின்றன. பத்மாவதிக்கு ஹார்வர்ட் தேவைப்பட்டது. வலியத்தானுக்கு ஜார்ஜ்டவுன் தேவைப்பட்டது. ஹாமில்டனின் ஒருங்கிணைப்பு இல்லாமல் இன்விக்டஸ் இல்லை. தனித்து நின்றே சாதித்தோம் என்று சொல்வது வரலாற்றுக்குப் புறம்பானது. ஆயினும் கேள்வியைத் தம் நோயாளிகளிடமிருந்து எடுத்தவர்களே கற்றதைக் கடந்து ஏதேனும் சேர்த்தனர். கேள்வியையும் கடன் வாங்கியிருந்தால், வேறொருவரின் ஆய்வுக்குத் தரவு திரட்டும் நிலையமாகவே நாம் நின்றிருப்போம்.

கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இன்னும் தீரவில்லை. ருமாட்டிக் காய்ச்சல் கண்டவருக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல்லாண்டுகள் தொடர்ந்து போட வேண்டும். இவ்வுண்மை மருத்துவ உலகுக்குத் தெரிந்து எழுபது ஆண்டுகள் ஆகின்றன. உலக சுகாதாரப் பேரவை இந்நோய் குறித்துத் தனித் தீர்மானமே 2018இல் நிறைவேற்றியது. எனினும் அந்த மலிவான ஊசி தேவைப்படும் குழந்தைகள் அனைவரையும் தடையின்றிச் சென்றடையச் செய்வது எவ்வாறு என்ற கேள்விக்கு, பலூனுக்கும் வால்வுக்கும் கிடைத்தது போன்ற விடை இன்னும் கிடைக்கவில்லை. அந்த விடையைப் பாஸ்டன் கண்டுபிடித்து அனுப்பும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இறுதியாக, மருத்துவமனைகளில் பணியாற்றும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலூரின் 3,724 பேர் வரலாற்றில் இடம்பெற்றதற்கு, யாரோ அவர்களின் பதிவேட்டைப் பல ஆண்டுகள் ஒழுங்காகப் பேணியதே காரணம். பழைய நோயாளர் பதிவேடுகள், அறுவைக் குறிப்பேடுகள், துறைகளின் கடிதக் கோப்புகள் ஆகியவை இடநெருக்கடியின் பெயரால் பழைய காகிதக் கடைக்குப் போகாமல் காத்திடுங்கள். நோயாளியின் அடையாளம் வெளிப்படாத வகையில் அவற்றை ஆவணக் காப்பகங்களுக்கு வழங்க வழியுண்டு. நம் கேள்விகள் எங்கிருந்து பிறந்தன என்பதற்கு அவையே சான்று.